யாரும் கேட்க முடியாத குழி

கொழுந்தன் நகிபாயே புகையிலைக் கட்டும் கையுமாக வருவது தென்னை மரங்களுக்கு நடுவே தெரிந்ததுமே கபுரோரோ சேம்புக் குழிக்குள் இறங்கிவிட்டாள். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, கோயிலில் பாடுவதைவிட இரண்டு பங்கு உரக்கக் கீர்த்தனை பாட ஆரம்பித்தாள். கீர்த்தனை பாடுகிறவரை இடைமறித்துப் பேசுவது தபிதேயுவேயா தீவில் யாரும் செய்யாத காரியம். நகிபாயே குழிக்கரையில் குந்தி உட்கார்ந்தான். ஒரு பாட்டு முடிந்த மூச்சிலேயே அவள் அடுத்த பாட்டைப் பிடித்தாள். கடைசிப் பாட்டில் அடிகள் மறந்துபோய், ஆண்டவரே அறியாத சில அடிகளைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டாள்.

"மதினி, ஒரு சின்ன விசயம்..." என்று அவன் வாயெடுத்துப் பார்த்தான்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி முதல் பாட்டுக்கே போனாள். வெயில் உச்சிக்கு ஏறியது. நகிபாயே எழுந்து பின்பக்க மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "தொண்டை கட்டிரும் மதினி. நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவன் எதற்கு வந்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரன் ஒருவன் நேருக்கு நேர் வந்து நின்று, "எனக்கு ஒரு புபுசி" என்று சொல்லிவிட்டால் போச்சு. அடுத்து அவன் எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். சட்டை, மண்வெட்டி, படகு, வளர்த்த பன்றி, எதுவானாலும் சரி. இல்லை என்று சொன்னவரின் பெயர் பேரப்பிள்ளைகள் காலம் வரை நாறும். கேட்பதிலும் ஒரு கூச்சம் உண்டு, கேட்டவன் கொஞ்சம் சிறுத்துத்தான் போவான். ஆனாலும் கேட்பார்கள். கபுரோரோ மட்டும் பிறந்ததிலிருந்து யாரிடமும் ஒரு புபுசியும் கேட்டதில்லை. அதில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

அந்த வருஷத்துப் பெரிய ஓதத்தில் கடல் கரையைத் தாண்டி ஊருக்குள் வந்து, காயல் பக்கமாக இறங்கிப் போனது. போகிற வழியில் ஊரின் சேம்புக் குழிகளையெல்லாம் நிறைத்துவிட்டுப் போனது. முன்னோர்கள் பெருஞ்சிப்பியை வைத்துப் பவளப் பாறையைக் கொத்தி, நல்ல தண்ணீர் கண்ட இடம்வரை தோண்டிய குழிகள் அவை. உப்பு ஏறிய குழியில் ஆள் உயரச் சேம்பு ஒரே மாதத்தில் ஓரம் கருகி, கிழங்கு கொழகொழத்துச் சரிந்தது. தீவின் நடுமேட்டில் இருந்த ஒரே ஒரு குழிக்குள் மட்டும் கடல் எட்டவில்லை. அது செத்துப்போன இயோதேபாவின் குழி. இப்போது அவன் மனைவி கபுரோரோவின் குழி.

உப்புக் குழி என்றைக்குமே உப்பாக இருக்காது. நல்ல மழைக்காலம் ஒன்று பெய்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு நடுவதற்கு ஊரில் நாற்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கபுரோரோ வருகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "இப்ப நட்டா அழுகிரும். மழை வரட்டும், நானே கொண்டாந்து தாரேன்." எல்லோரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். தலையாட்டிய கையோடு புபுசி கேட்டார்கள். அவள் சித்தப்பா மகள் முதலில் வந்து நல்ல செடியாகப் பார்த்து வாங்கிப் போனாள், அது அழுகியது. பிறகு அவள் கணவனின் தாய்மாமன் வந்தார், அதுவும் அழுகியது. யாரும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் முந்திக்கொண்டால் நமக்கு இல்லாமல் போய்விடுமே என்ற பயம்தான்.

இதே பயத்தில் ஊர் ஒருமுறை அழிந்ததைக் கபுரோரோ தன் அப்பா வாயால் கேட்டிருக்கிறாள். பழைய வறட்சியில் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கேட்டே எல்லாக் குழிகளையும் காலி பண்ணினார்கள். மழை வந்தபோது நட ஒரு நாற்று இல்லை. வெள்ளைக்கார அரசாங்கம் ஆளில்லாத ஃபீனிக்ஸ் தீவுகளுக்குக் கப்பல் விட்டது, பாதி ஊர் ஏறிப்போனது. அங்கேயும் தண்ணீர் பொய்த்து, அவர்களைச் சாலமன் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கப்பலில் போன அப்பாவின் தங்கை எங்கே புதைக்கப்பட்டாள் என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. இன்னொரு கப்பல் வரக்கூடாது என்பதில் கபுரோரோ கல்லாக இருந்தாள்.

ஊர்ப் பெரியவர் பவ்ரோவிடம் போய் நின்றாள். "பெரியப்பா, மழை வாரவரைக்கும் எங்கிட்ட யாரும் கேக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பவ்ரோ தென்னை நார்க் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தொடையில் உருட்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "இந்தத் தீவு பேருக்கே அர்த்தம் என்னா? ராசா கூடாது. ஒருத்தன் ராசாவாகப் பாத்தான், அவன் குடிசையக் கொளுத்துனோம். இப்ப என்னைய ராசாவாக்கப் பாக்கியா? எனக்கு இருக்கது ஒரே குடிசை."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"நல்லா பாடுதியாம்லா, பாடு" என்றார் கிழவர். அவருக்கே சிரிப்பு வந்து கயிறு முறுக்கு விட்டுப்போனது.

கோபத்தோடு திரும்பி வருகிற வழியில்தான் அவள் அந்தச் சைக்கிளைப் பார்த்தாள். டீச்சர் வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த நீலச் சைக்கிள். தினமும் பார்க்கிற சைக்கிள்தான். ஆனால் அன்றைக்கு அவள் கால் நின்றுவிட்டது. இந்த ஊரில் ஒரு சைக்கிள் வந்தால் ஒரு வாரத்துக்குள் அது அண்ணன் வீடு, மச்சான் வீடு, மருமகன் வீடு என்று சுற்றி, சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும். டீச்சரின் சைக்கிள் மட்டும் மூன்று வருஷமாக டீச்சரிடமே இருக்கிறது. ஏன்? டீச்சர் அகெனெதா வடக்கே மாகின் தீவுக்காரி. இங்கே அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊருக்கு விருந்தாளி. விருந்தாளியிடம் புபுசி கேட்டு வாங்கினான் என்ற பேச்சு வந்தால் ஆண்மகன் ஒருவன் ஊர்ப் பொதுக்கூடமான மனேயபாவுக்குள் தலைகாட்ட முடியாது.

கபுரோரோ நேராக உள்ளே போய் அகெனெதாவின் பாயில் உட்கார்ந்தாள். அகெனெதாவுக்கு முப்பது வயதிருக்கும். பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள், ஊரிலேயே இறுக்கமான பெண் தன் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்துச் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை மனேயபாவுல எல்லாரும் இருக்கும்போது நீ எங்கிட்ட புபுசி கேக்கணும். விருந்தாளி கேட்டாலும் குடுத்தாகணும்."

"நானா? என்னத்தக்கா கேக்க?"

"என் குழிய. உள்ள இருக்க சேம்பு மொத்தத்தையும்."

அகெனெதாவுக்குப் புரிந்ததும் முகம் மாறியது. "ஊரே பசியோட அந்தக் குழியப் பாத்துட்டு இருக்கு. வெளியூர்க்காரி வந்து மொத்தத்தையும் சுருட்டுனாள்னு பேசுவாங்க. எனக்கு மீன் குடுக்கற கைதான அக்கா எல்லாம்? நாளைக்கு யாரு குடுப்பா?"

"பேசுவாங்கதான்."

"அப்புறம் எதுக்கு நான் கேக்கணும்?"

"எங்கிட்ட இருந்தா மழைக்கு முன்ன ஒண்ணு மிஞ்சாது. உங்கிட்ட இருந்தா ஒருத்தனும் கேக்க முடியாது" என்றாள் கபுரோரோ. அதற்கு மேல் கெஞ்ச அவளுக்குத் தெரியவில்லை. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அகெனெதா மறுபடி சிலேட்டைக் கையில் எடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் சீனித் தண்ணீரில் ஊறிய சோற்றைக் கொண்டுவருவதை அவள் பார்க்கிறாள்தானே. கடைசியில் சொன்னாள். "சரி. ஆனா கேட்டா கேட்டதுதான். விளையாட்டுக்கு இல்ல. குழி என்னுது. நீங்க ஒரு இலை கிள்ளணும்னாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கிள்ளணும்."

கபுரோரோவுக்கு உச்சந்தலை சுட்டது. இயோதேபா மார்பளவு தண்ணீரில் நின்று மண் அள்ளிப் போட்ட குழி அது. ஆனால் இவள் சொல்வது சரி. பொய்யாகக் கொடுத்தால் ஒரே நாளில் ஊர் மோப்பம் பிடித்துவிடும். "உன்னுதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மனேயபாவின் தாழ்ந்த கூரைக்குள் எல்லோரும் குனிந்து நுழைந்து, அவரவர் குலத்துத் தூணருகே அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அகெனெதா வழக்கம்போலக் கடல் பக்கத்து விருந்தாளிப் பாயில் தனியாக இருந்தாள். பன்றிக்கறியும் பதநீரும் வந்து போனபின் அவள் எழுந்தாள். கேட்டாள். கபுரோரோ கொடுத்தாள். நகிபாயே வாயில் போட்ட கறியை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தான்.

"நல்லா படிச்ச பொண்ணுதான்" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

அடுத்த வாரமெல்லாம் டீச்சர் வீட்டுக்கு மீன் வரவில்லை. அவள் பள்ளிக்கூடம் விட்டதும் குழிக்கு வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து செடியைச் சுற்றி அடியில்லாத ஓலைக் கூடைகளைக் கட்டி, நறுக்கிய இலையும் கருமண்ணும் போட்டு நிரப்பினார்கள். "டீச்சர், இந்த இலைய எடுக்கட்டா?" என்று கபுரோரோ ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எடுங்கக்கா" என்று அவளும் முகம் மாறாமல் சொன்னாள். காயலில் பொறுக்கிய மட்டியைத் தின்று காலம் ஓட்டினார்கள். மழை வரவில்லை.

நகிபாயே முட்டாள் இல்லை. சில நாள் யோசித்துவிட்டு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். விருந்தாளியிடம்தானே கேட்கக் கூடாது? விருந்தாளியைச் சொந்தக்காரியாக்கிவிட்டால்? மறுநாளிலிருந்து அவன் மனைவி டீச்சர் வீட்டுக்குப் புது மீனும் தாழம்பழக் கூழும் கொண்டுபோனாள். டீச்சருக்குக் காய்ச்சல் வந்தபோது ராப்பகலாக உட்கார்ந்து நெற்றிக்கு எண்ணெய் தடவினாள். "எங்களுக்குப் பொம்பளப் பிள்ளை இல்ல. மகளா வந்துரு தாயி" என்றாள். குழியை நினைத்துத்தான் ஆரம்பித்தாள், ஆனால் எண்ணெய் தடவத் தடவ அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. இதுதான் கபுரோரோவுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. சூழ்ச்சியாக மட்டும் இருந்தால் சமாளித்திருப்பாள்.

காய்ச்சல் விட்டதும் அகெனெதா குழிக்கரைக்கு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, மூணு வருசமா நான் அந்தப் பாயில தனியா உக்காந்துருக்கேன். எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க. ஆனா எங்கிட்ட ஒருத்தர்கூட ஒண்ணும் கேக்கறதில்ல. ஒரு ஊசிகூடக் கேக்கறதில்ல. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

கபுரோரோவுக்குத் தெரியாது. அவளிடம் கேட்காத ஆளே இல்லை. போய் அவர்களுக்கு மகளாகிவிடு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அவ்வளவு பாவமாக இருந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, கூடைக்குள் மண்ணை அழுத்தினாள். அகெனெதாவும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பாவாடையை முடிந்துகொண்டு சேற்றில் இறங்கினாள்.

அடுத்த கூட்டத்தில் பெரியவர் பவ்ரோ தொண்டையைச் செருமினார். "டீச்சர் பாப்பாவ எத்தனை நாளைக்கு விருந்தாளியாவே வெச்சிருக்கது? நகிபாயே குலத்துல அவளுக்கு இடம் தாரேங்காங்க. வேற குலமும் தரும். எந்தத் தூண்கிட்ட உக்காரப் போறேன்னு நீயே சொல்லு தாயி."

நகிபாயேயின் மனைவி தன் பக்கத்தில் புதுப் பாய் ஒன்றை விரித்தே வைத்திருந்தாள். அகெனெதா அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கபுரோரோ தன் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். இவள் எழுந்து போனால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று உறுதியாக நினைத்துக்கொண்டாள்.

"மழை வரட்டும் பெரியவரே" என்றாள் அகெனெதா. "அதுவரைக்கும் இந்தப் பாய் போதும்."

மழை வரப் பின்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மேல்காற்று திரும்பி, கடலுக்கு மேல் கருக்கல் கட்டி, கொட்டத் தொடங்கியது நிற்கவில்லை. கூரை ஒழுகாத வீடு இல்லை. மழைக்காலம் முடிந்ததும் பவ்ரோ குழி குழியாகப் போய் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முதலில் முகம் சுளித்தார். அடுத்த குழியில் யோசித்தார். நகிபாயேயின் குழியில் ஒரு கை அள்ளிக் குடித்தே விட்டார். நடுமேட்டுக் குழியில் அப்போது சேம்பு மனிதனை மறைக்கிற உயரத்தில் நின்றது. ஒவ்வொரு தாய்ச் செடியைச் சுற்றியும் குட்டிகள் வெடித்திருந்தன.

மனேயபா கூடியது. எல்லோர் கண்ணும் விருந்தாளிப் பாயில் இருந்தது. நகிபாயேயின் மனைவி மறுபடி பாயை விரித்தாள். அப்போதுதான் கபுரோரோ எழுந்தாள். நடுத்தளத்தைக் குறுக்கே கடந்து பெண்கள் நடப்பதில்லை, அவள் நடந்தாள். அகெனெதாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "எனக்கு ஒரு புபுசி" என்றாள்.

மனேயபா முழுக்க ஒரு முனகல் ஓடியது. குழியைத் திரும்பக் கேட்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"மதினி, விருந்தாளிகிட்ட கேக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?" என்றான் நகிபாயே. அவன் குரலில் கேலி இல்லை, பதற்றம்தான் இருந்தது.

"தெரியும். அந்த அசிங்கம் எனக்கே இருக்கட்டும்." அவள் அகெனெதாவின் முகத்தைப் பார்த்தாள். ஐம்பது வயது வரை யாரிடமும் கேட்டிராத வாய் வறண்டுபோயிருந்தது. "எனக்கு யாரும் இல்ல டீச்சர். எம் பக்கத்துல வந்து உக்காரு. மகளா இரு."

அகெனெதா எழுந்தாள். நகிபாயேயின் மனைவிக்கு முன்னால் போய், அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போ, எங்கன உக்காந்தாலும் நான் உன் சித்திதான்" என்றாள். பிறகு அகெனெதா கபுரோரோவின் குலத்துத் தூணடியில் போய் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த பாய் சூடாவதற்குள் நகிபாயே எழுந்துவிட்டான். "அம்மாடி, இப்ப நான் உனக்குச் சித்தப்பன். எனக்கு ஒரு புபுசி."

கூரை அதிரச் சிரித்தார்கள். நகிபாயே நாற்றுக் கேட்டான். அடுத்தவன் கேட்டான். அதற்கடுத்தவள் கேட்டாள். அகெனெதா எல்லோருக்கும் கொடுத்தாள். பவ்ரோவின் பேரன் எழுந்து, நாற்றெல்லாம் வேண்டாம், அந்த நீலச் சைக்கிள் வேண்டும் என்றான். அதையும் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் கண் நிறைந்து வழிந்தது. சைக்கிள் பறிபோனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை அந்தத் தீவு அதுவரை பார்த்ததில்லை.

கபுரோரோ பெருமையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுமேட்டுக் குழியிலிருந்து செடிகள் தோளில் ஏறி ஊரின் நாலு பக்கமும் போயின. பெரிய கிழங்குகள் பள்ளிப் பிள்ளைகளின் விருந்துக்கு வெந்தன. வெயில் சாய்ந்தபின் தாயும் மகளும் குழிக்கரைக்கு வந்தார்கள். குழியில் தண்ணீர் மட்டும் இருந்தது. ஒரு குட்டிச் செடிகூட இல்லை.

"அம்மா, உங்களுக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே?" என்றாள் அகெனெதா திகைத்துப்போய். "கேப்பீங்க கேப்பீங்கன்னு கடைசி வரைக்கும் ஒண்ண வெச்சிருந்தேன். போதகர் வீட்டம்மா வந்து கேட்டுட்டாங்க."

கபுரோரோ தண்ணீரைப் பார்த்தாள். கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்டுப் பழகியிருந்தால்தானே தோன்றும்? முதலில் கோபம் வந்தது. கோபப்பட ஆள் கிடைக்காததால் சிரிப்பு வந்தது.

காலையில் அவள் ஒரு புகையிலைக் கட்டை எடுத்துக்கொண்டு நகிபாயேயின் குழிக்கு நடந்தாள். பாதி வழியிலேயே அவன் குரல் கேட்டது. முழங்கால் சேற்றில், புது நாற்றுகளுக்கு நடுவே நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தான்.

கபுரோரோ கரையில் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாடுங்க கொழுந்தனாரே" என்றாள். "எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும். எப்ப முடியும்னும் தெரியும்."